கூட்டம் கூடினால் விலை இறங்குமா?

மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் நாட்களில், 1960-களின் இறுதியில் நீருள் மறைந்த பழைய மஸ்கெலியா நகரின் கோயிற் சுவர்கள் வெளியே தலைகாட்டுவதுண்டு. அவற்றைப் பார்க்கப் போயிருந்தபோது, உயர்தர வகுப்பு மாணவனொருவன் என்னைக் கேட்டான்:

"ஐயா, 2022-ல் ஜனங்கள் திரண்டு ஜனாதிபதியையே அகற்றினார்களே! அதற்குப் பிறகும் எங்கள் லயத்தில் மின்சாரக் கட்டணம் ஏன் ஏறிற்று?"

நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட 1953-ம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

கொரிய யுத்தத்தினால் ஏறியிருந்த ரப்பர் விலை சரிந்து, வெளிநாட்டு அரிசியின் விலையோ உயர்ந்து, இலங்கையின் கஜானா இளைத்திருந்த காலம் அது. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது; ரயில் கட்டணமும் கூடியது. ஆகஸ்ட் 12-ந் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பின்பேரில் நாடெங்கும் ஹர்த்தால் நடைபெற்றது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாண்ட் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மந்திரிசபை கூடியதென்றால், அன்றைய நிலைமையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அக்டோபரில் பிரதமர் விலகினார். அவருக்குப் பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவலை அரிசியின் விலையைக் குறைத்தார். எனினும் பழைய 25 சதத்துக்கு அவர் அதை இறக்கவில்லை.

ஆகவே ஹர்த்தால் சாதித்தது யாதெனில், சுமையின் ஒரு பகுதியை ஏழையின் தலையிலிருந்து இறக்கியது. ரப்பரின் உலக விலையை அதனால் ஏற்ற முடியவில்லை. அது எந்த ஊர்வலத்துக்கும் செவிசாய்ப்பதன்று.

2022-ம் ஆண்டுக் கதையும் ஏறக்குறைய இதுவே. ஏப்ரல் 12-ந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்திவைத்தது. உடனே செலவிடக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டொலர்கூட இல்லையென்று மே மாதத்தில் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். காலிமுகத்திடலில் ஏப்ரல் 9-ல் தொடங்கிய போராட்டத்தின் விளைவாக ஜூலை 14-ல் கோத்தாபய ராஜபக்ஷ பதவி விலகினார். ஆள் போனார், கடன் போகவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைக் கணக்கின்படி பணவீக்கம் உச்சத்தை எட்டி ஏறத்தாழ 70 சதவீதமாக நின்றது அதற்கு இரு மாதங்களின் பின்னரே. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் ஏறின. அந்த ஆண்டு மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் கடனுதவி அங்கீகரிக்கப்பட்டது. மாணவனின் கட்டணச் சீட்டு ஏன் கனத்ததென்பது இப்போது விளங்கும்: வெற்றுக் கஜானாவை நிரப்பும் பொறுப்பில் ஒரு பங்கு அவன் லயத்தின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

அப்படியாயின் போராட்டமே வீண் என்பீர்களோ? நான் அவ்விதம் சொல்லேன். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, மண்ணை அறிந்த விவசாயிகள் தெருவுக்கு வந்து, விளைச்சல் விழும் என்று கூவினார்கள். அரசாங்கம் தடையைத் தளர்த்துவதற்குள் மாதங்கள் உருண்டோடிவிட்டன. 2021-ல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022-ல் சுமார் 25 கோடியாக வீழ்ந்தது. டொலர் கொண்டுவரும் செடியே பசியால் வாடிய பின், டொலர் எங்கே என்று தேடி என்ன பயன்? காகிதத்தில் கணக்குப் போட்டவர்கள், கூட்டத்தின் கூச்சலைக் காலத்தோடு கேட்டிருக்கலாம் அல்லவா?

மலைநாட்டாருக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. 1947 பொதுத்தேர்தலில் மஸ்கெலியாவின் பிரதிநிதியாக இலங்கை இந்தியர் காங்கிரஸின் ஜி. ஆர். மோத்தா நாடாளுமன்றம் சென்றார். 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. வாக்குச்சீட்டு இல்லாதவனுக்கு வேலைநிறுத்தத்தை விட்டால் வேறு நாவு ஏது?

ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்கான கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டது. 2018 அக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையணிந்து காலிமுகத்திடலில் கூடினர். ஆயினும் 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் அடிப்படைக் கூலியை 700 ரூபாயாகவே வைத்தது. 2021 பெப்ரவரி 5-ல் மலையகம் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தது; மார்ச்சில் ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் ஏறிற்று. மறுவருடமே ரூபாயின் மதிப்பு சரிந்து, பாதி ஆயிரத்தைக் கோதுமை மாவின் விலை விழுங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் கூலி 1,350 ரூபாயாயிற்று.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். மாணவனின் அருகில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்திருந்த அவனுடைய அம்மாயி அதுவரை வாய் திறக்கவில்லை.

"கூலி கூடியது சரிங்க ஐயா," என்றாள். "முழுப் பேர் போட எத்தனை கிலோ கேட்பாங்க? அதைச் சொல்லுங்க."