ஐயம் என்னும் பிணி

கல்முனை, மருதமுனை, நிந்தவூர் முதலிய நம் கரையோர ஊர்களில் “வஸ்வாஸ்” என்னும் சொல்லை அறியாதார் இலர். ஹவுழின் ஓரத்தில் அமர்ந்து, வுழூ நிறைவேறியதோ இல்லையோ என ஐயுற்று, மீண்டும் மீண்டும் கழுவி ஜமாஅத்தைத் தவறவிடுவாரைக் கண்டு நகைப்போரும் உளர். அவர் படும் வேதனையோ நகைப்புக்குரியதன்று.

ஐயம் யாவர்க்கும் எழும். நாள்தோறும் பல நாழிகையை விழுங்கி, கல்வியையும் தொழிலையும் குலைக்கும்போது மருத்துவர் அதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர். கி.பி. 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் முஸ்லிம் பேரறிஞர், விடாது வருத்தும் எண்ணங்களைத் தனியொரு உளப்பிணியாகவே வகுத்துரைத்தார்.

இந்நோயாளர் அறிவிற் குறைந்தவரோ? அல்லர். இலங்கையரான உளவியலாளர் பத்மால் டி சில்வா, ஸ்டான்லி ரக்மனுடன் சேர்ந்து 1978 இல் வெளியிட்ட ஆய்வு, நலமுடையோர் உள்ளத்திலும் இத்தகைய வேண்டாத எண்ணங்கள் தோன்றுவதைக் காட்டியது. நலமுடையோர் அவற்றை எளிதில் விட்டுவிடுகின்றனர், நோயாளரோ, “தீய எண்ணம் வந்ததே, நான் தீயவனோ? கேடு விளைந்தால் பழி என்னதன்றோ?” என்று அஞ்சுகின்றனர். நூற்றுக்கு நூறு உறுதி வேண்டுமென அலைகின்றனர்.

“உம்மா, இது சுத்தமா?” என மகள் வினவ, “சுத்தந்தான் மகள்” எனத் தாய் தேற்றுகிறாள். கணநேர ஆறுதல், பின்னர் அதே வினா! தேற்றுந்தோறும் நோய் வளர்கின்றது.

சிகிச்சை உண்டு. 1966 இல் இலண்டனில் விக்டர் மேயர் எடுத்துரைத்த வழி இன்றும் பயன் தருகின்றது. அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளல். கழுவாமலும் சரிபாராமலும் பொறுத்திருத்தல். அச்சம் அலைபோல் எழுந்து தானே தணியும். தக்க மருந்துகளும் உள. அவை பயன்தரப் பல வாரங்கள் செல்லும்.

வுழூவில் உறுப்புக்களை மும்முறைக்கு மேற் கழுவலாகாது. உறுதியானதை ஐயம் நீக்காது என்பன மார்க்கச் சட்டம் அறிந்தார் கூற்று. மருத்துவர் சொல்வதும் இதனோடு முரண்படுவதன்று. ஈமான் குறைவென்று இந்நோயாளரைக் கடிந்துரைத்தல் தகாது.

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. பெற்றோரே, நாணி மறையாது பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். மாணவர்காள், தோழன் ஒருவன் இவ்வாறு வருந்தினால் நகையாது துணை நில்லுங்கள்.