மீனுக்கும் தண்ணீர்ப் பக்குவம் வேணும்!

எங்க கோவில்பட்டி கரிசல் காடு. சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைக் குடம் எண்ணித்தான் செலவழிப்போம். இந்த ஊரில் என் மகள் ஆசையாய் மீன் வளர்த்தாள். "தொட்டி சுத்தமா இருக்கட்டுமே" என்று ஒரு நாள் பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டி, அப்போது பிடித்த குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். விடிந்து பார்த்தால் நாலு மீனும் மிதக்கின்றன! பிள்ளை அன்று சாப்பிடவே இல்லை.

பிறகுதான் புரிந்தது. நமக்காகக் கிருமியைக் கொல்லும் குளோரின், மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும்.

சகோதரிகளே, தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் பிடித்து, கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணி கட்டி, இரண்டு நாள் வையுங்கள். குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து வாங்கலாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றாதீர்கள். மீனுக்கு வேண்டிய தாதுஉப்பு அதில் இராது.

வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். தொட்டிக் கல்லைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். கழிவைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன.

கழித்த தண்ணீரையும் வீணாக்குவதில்லை. கீரைப் பாத்திக்கு அதுவே உரம்!

இப்போது எங்க கப்பி மீன் குஞ்சு போட்டிருக்கிறது. மகள் முகத்தைப் பார்க்கணுமே!