புளித்த கதை – 14: பெட்டிக்குள் ஒரு கொடைக்கானல்

எலக்ட்ரிக்கல் கடையில் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் கேட்டபோது கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை முட்டைக்குண்ணே?" என்றார். அதைத் தேடி வருகிறவர்கள் நாட்டுக்கோழிக்காரர்கள்தான் போலிருக்கிறது. தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், 37.5 டிகிரி. 21 நாளில் குஞ்சு.

"முட்டைக்கு இல்ல, மாவுக்கு" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

உண்மையில் அது மாவுக்காகப் பிறந்த யோசனை இல்லை. மான்செஸ்டரில் இருக்கும் அக்கா மகன் கார் ஷெட்டில் பீர் காய்ச்சுகிறான். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றில் இந்தக் கண்ட்ரோலரைப் பொருத்தி, அதற்குள் இருபது லிட்டர் வாளியை வைத்து நொதிக்க விடுகிறான். அங்கே அது குற்றமில்லை. வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் 1963 பட்ஜெட்டில் நீக்கிவிட்டார். விற்காதவரை யாரும் கேட்கப்போவதில்லை. திண்டுக்கல்லில் அதே வாளியை வைத்தால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வந்து நிற்கும். "வீட்டுக்கு மட்டும்தாங்க" என்ற சமாதானம் ஸ்டேஷனில் எடுபடாது. ஆகவே பெட்டி அவனுடையது, மாவு நம்முடையது.

பீருக்கு எதற்கு இவ்வளவு பாதுகாப்பு என்று அவனிடம் கேட்டேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சாராயத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்த்து வெப்பத்தையும் வெளியே தள்ளுகிறது. இருபது லிட்டரில் ஒன்றரைக் கிலோ சர்க்கரை புளித்தால் அந்த வெப்பம், வெளியே போக வழியில்லையென்றால், வாளியை ஏறத்தாழ 10 டிகிரி சூடாக்கிவிடும். காற்றில் கொஞ்சம் கசிந்து போகும், மறுக்கவில்லை. ஆனாலும் அறை 20 டிகிரி என்பதால் வாளியும் 20 டிகிரி என்று நினைத்தவன் கெட்டான். ஏல் வகைக்கு 18 முதல் 20 டிகிரி, லாகருக்கு 10 டிகிரியை ஒட்டி. அதற்கு மேலே போனால் ஈஸ்ட் பதற்றத்தில் கண்டதையும் செய்கிறது. பெயின்ட் தின்னர் வாடை அடிக்கும், மறுநாள் தலை பிளக்கும். சில சமயம் வாழைப்பழ வாசனை வரும். வாழைப்பழத்தில் மணக்கிற ஐசோஅமைல் அசிட்டேட்டையே ஈஸ்ட்டும் உண்டாக்குகிறது. சிறுமலைப் பழத்தை முகர்ந்து வளர்ந்த எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஜெர்மனியின் கோதுமை பீரில் அதை வேண்டுமென்றேகூட வரவழைக்கிறார்கள்.

கம்ப்ரசர் வருவதற்கு முன் குளிர் என்பது கருவி இல்லை. அது ஒரு பருவம், அல்லது ஒரு இடம். பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1553-ல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்று உத்தரவு போட்டார். நம் கணக்கில் சித்திரை பத்தாம் நாள் தொடங்கி புரட்டாசி நடுவரை. கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது, எதனால் கெடுகிறது என்று தெரியவில்லை, ஆகவே காலண்டரையே தெர்மாமீட்டராக்கினார்கள். இந்தத் தளையை உடைத்ததில் கார்ல் வான் லிண்டேக்குப் பெரிய பங்கு உண்டு. 1870-களில் தன் குளிர்பதன இயந்திரத்தை அவர் பரீட்சித்துப் பார்த்தது மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலையில். நம் சமையலறையில் உறுமிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜுக்குத் தாத்தா ஊர் பீர் ஆலை என்றால் அது அதிகப் பொய்யில்லை.

இங்கே வந்த வெள்ளைக்காரர்களுக்குக் காலண்டர் உதவவில்லை, மலை உதவியது. வடக்கே கசௌலி, சோலன், தெற்கே நீலகிரி. 1915-ல் தாமஸ் லீஷ்மன் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கியபோது அவற்றில் நீலகிரி ஆலையும் ஒன்று. கணக்கு எளிது: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும். திண்டுக்கல் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை, கொடைக்கானல் 2,100 மீட்டர். ஊருக்குள் 32 என்றால் மேலே 20. ஏல் ஈஸ்ட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. நான் செய்ய வேண்டியது அந்த வித்தியாசத்தை வத்தலகுண்டு வழியாக மலையேறாமல் வீட்டுக்குள் கொண்டுவருவது மட்டும்தான்.

பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று, 165 லிட்டர், மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. கேஸ் இருந்தது, கம்ப்ரசர் ஓடியது, போதும். ஃப்ரிட்ஜுக்குள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டை முழுக் குளிருக்குத் திருப்பிவிட்டு மறந்துவிட வேண்டும். இனி அதற்குக் கரண்ட் கொடுப்பதும் நிறுத்துவதும் வெளியே இருக்கும் கண்ட்ரோலர். எஸ்டிசி-1000 என்ற மாடலில் இரண்டு ரிலே உண்டு. ஒன்று குளிருக்கு, மற்றது சூட்டுக்கு. குளிர் ப்ளக்கில் ஃப்ரிட்ஜ், சூட்டு ப்ளக்கில் 40 வாட் பல்பு. மான்செஸ்டரில் பனிக்காலத்தில் பல்புக்குத்தான் வேலை, எனக்கு வருஷத்தில் முக்கால்வாசி நாள் கம்ப்ரசருக்கு.

சென்சார் ஒயரை உள்ளே கொண்டுபோக டிரில் மெஷினை எடுத்தேன். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தவன் அலறிவிட்டான். "மாமா, பக்கச் சுவர்ல கைய வைக்காதீங்க!" இப்போது வருகிற பல ஃப்ரிட்ஜ்களில் பின்புறக் கம்பி வலை இருப்பதில்லை. சூடான கேஸ் குழாய்கள் பக்கச் சுவருக்குள் ஒளிந்திருக்கும். ஒரு துளை தவறினால் கேஸ் போய்விடும், ஃப்ரிட்ஜ் பழைய இரும்புக்காரருக்கு. ஒயரைக் கதவு ரப்பர் வழியாகவே விட்டேன். அது அசிங்கமாகத்தான் இருக்கிறது.

செட்டிங்கில் இரண்டை மட்டும் சொல்கிறேன். எவ்வளவு விலகினால் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. அரை டிகிரி போதும் என்று பேராசைப்பட்டால் ஃப்ரிட்ஜும் பல்பும் மாமியார் மருமகள்போல ஓயாமல் மாற்றி மாற்றிப் பேசும். ஒரு டிகிரி கொடுத்தால் வீடு அமைதியாக இருக்கும். மற்றது கம்ப்ரசருக்கான இடைவெளி. நின்ற கம்ப்ரசரை உடனே கிளப்பினால், குழாய்க்குள் இன்னும் இறங்காத அழுத்தத்துக்கு எதிராக மோட்டார் திணறும். மூன்று நிமிஷமாவது ஆற விட வேண்டும். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இதை ஐந்தாக வைப்பது நல்லது.

முதல் இரவு சொதப்பினேன். மார்கழி, ராத்திரி நல்ல குளிர். பல்பை மேல் தட்டில் கட்டி, சென்சாரைக் கீழே காற்றில் தொங்கவிட்டேன். சூடான காற்று மேலேயே நிற்கும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கீழே 24 என்று பார்த்துப் பார்த்து பல்பு விடிய விடிய எரிந்திருக்கிறது. நடுத்தட்டிலிருந்த மாவு 39-க்கு ஏறி, மூடியைத் தள்ளி, கதவு ரப்பர்வரை வழிந்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அடுப்பு மேடையில வச்சிருந்தா இந்நேரம் இட்லி வெந்திருக்கும்" என்றாள். பிறகு சென்சாரைப் பாத்திரத்தின் வெளிச்சுவரில் ஒட்டி, மேலே தெர்மாகோல் துண்டு வைத்துக் கட்டினேன். நமக்கு வேண்டியது மாவின் சூடு, காற்றின் சூடு இல்லை. பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேன் ஒன்றையும் உள்ளே சுழலவிட்டேன். சண்டை தீர்ந்தது.

அன்று வழிந்த மாவை வீணாக்காமல் ஊற்றினோம். கடுப்பான புளிப்பு, இட்லி தட்டை. பிறகு 29 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம் வைத்தது மல்லிகைப் பூ. ஒரே அரிசி, ஒரே உளுந்து. "மாவு புளிச்சிருச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன: பொங்குவது ஒன்று, புளிப்பது ஒன்று. பொங்க வைப்பதில் முன்னால் நிற்பது லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. அது விடுகிற வாயுவை உளுந்தின் வழவழப்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. இருபதுகளின் கடைசியில், முப்பதை ஒட்டி, அதற்குச் சௌகரியம். முப்பத்தைந்தைத் தாண்டினால் சூட்டை விரும்பும் வேறு லாக்டிக் கூட்டம் முந்திக்கொண்டு அமிலத்தைக் கொட்டுகிறது. பொங்கி முடிப்பதற்குள் புளித்துவிடுகிறது. சித்திரையில் ஆட்டிய மாவைச் சாயங்காலத்துக்குள் தோசையாக்கிவிட அம்மா அவசரப்படுவது இதனால்தான். தண்ணீர்த் தட்டில் பாத்திரத்தை வைத்து, ஈரத்துணியைச் சுற்றி நாலைந்து டிகிரியை அவள் இறக்கிவிடுவாள். நம் ஊர்க் காற்று வறண்டது என்பதால் மண்பானை வித்தை இங்கே நன்றாகவே பலிக்கிறது. மழைக்காலத்து ஈரக்காற்றில் பலிக்காது, ஆனால் அப்போது அது தேவைப்படுவதும் இல்லை.

இதையெல்லாம் மான்செஸ்டருக்குச் சொன்னபோது அவன் ஒரு தகவல் கொடுத்தான். நார்வேயின் மேற்குப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஈஸ்ட் ஒன்று இருக்கிறதாம், பெயர் க்வைக். மரவளையங்களில் ஊறவைத்துக் காயவிட்டு அடுத்த தடவைக்கு எடுத்துவைப்பார்கள். 30 முதல் 40 டிகிரிவரை சூட்டில் சுறுசுறுப்பாக வேலை செய்யும், கெட்ட வாடையும் வராது. அந்தக் குளிரில் வாளிக்குக் கம்பளி போர்த்தியெல்லாம் சூடு காக்கிறார்களாம். நம் ஊர் மே மாதத்துக்கென்றே படைத்ததுபோன்ற ஈஸ்ட், பனி விழும் ஊரில் கம்பளி போர்த்திக்கொண்டு கிடக்கிறது. இதற்கு ஃப்ரிட்ஜும் வேண்டாம், கண்ட்ரோலரும் வேண்டாம்.

"லீவுக்கு வர்றப்ப ஒரு பாக்கெட் கொண்டு வரட்டா மாமா?" என்றான்.

"நீ வந்தா போதும்டா. இங்க இட்லி மாவு தயாரா இருக்கு" என்றேன்.

(இன்னும் புளிக்கும்)