வெந்நீர் விட்டுச்சென்ற பொன்

நிலத்தடியில் பொன்னைக் கொண்டுசேர்த்தது எது? நெருப்பு என்றே நம்மிற் பலர் எண்ணுவோம். ஆனால், உலகின் மிகச் செறிவான பொற்படிவுகள் சிலவற்றை ஆக்கியது தண்ணீரே. எரிமலைப் பிரதேசங்களில், நிலப்பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்குள், வெந்நீர் பொன்னைச் சுமந்து வந்து பாறை வெடிப்புகளில் இட்டுச் சென்றிருக்கின்றது. இத்தகைய படிவுகளுக்கு ‘எப்பிதேர்மல்’ எனப் பெயரிட்டவர் வால்டெமார் லிண்ட்கிரென் என்னும் புவிச்சரிதவியல் அறிஞராவார்.

பொன் நீரில் கரையுமோ என ஐயுறலாம். ஆழத்தில் உள்ள அமுக்கத்தினால், 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் நீர் கொதிப்பதில்லை. அந்நீரிற் கலந்துள்ள கந்தகச் சேர்க்கை பொன்னைக் கரைசலாகப் பற்றி வைத்திருக்கின்றது. நீர் மேலெழ மேலெழ அமுக்கம் குறைகின்றது. சோடாப் போத்தலைத் திறந்ததும் வாயு பொங்கி வெளியேறுவதுபோல, நீர் ஓரிடத்தில் திடீரெனக் கொதிக்க, கந்தக வாயு ஆவியுடன் பிரிகின்றது. பற்றுக்கோடிழந்த பொன், குவாட்சு என்னும் வெண்கல்லுடன் அங்கேயே படிகின்றது. நியூசீலாந்தில் மின்னாக்கத்துக்கெனத் தோண்டிய வெந்நீர்க் கிணறுகளின் குழாய்களில், இவ்வாறே பொன் செறிந்த பொருக்குப் படிந்தமை 1986ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

ஆகவே, பொன்னைத் தேடுவோர் முதலில் தேடுவது மின்னும் கல்லை அன்று. நீர் கொதித்த இடத்தையே. கொதிப்பின்போது கல்சைற்று மெல்லிய தகடுகளாகப் படியும். பின்னர் குவாட்சு அத்தகடுகளின் இடத்தைப் பிடித்தாலும் வடிவம் மாறுவதில்லை. அத்தகைய கல் ஒன்று கையிற் கிடைத்தால், “இங்கே நீர் கொதித்தது” என்பதற்கு அது சாட்சி. பழைய வெந்நீரூற்றின் வாயில் உறைந்த வெண்பாறை இன்னும் நிலப்பரப்பில் இருப்பின், பொன் இருந்தால் அது கீழே மறைந்திருக்கும். மழையும் ஆறும் நிலத்தை ஆழமாக அரித்திருப்பின், பொன் என்றோ அடித்துச் செல்லப்பட்டிருக்கும். எவ்வளவு அரிக்கப்பட்டது என்பதை அறியாமல் துளையிடுவது வீண்செலவேயாகும்.

இவ்வறிவின் பயனை யப்பானின் கியூசூ தீவிலுள்ள இசிக்காரியிற் காணலாம். அங்கே பழங்காலத்துச் சிறு சுரங்கம் ஒன்று இருந்தது. அதனைத் தோண்டியோர், தம் காலடியில் மறைந்திருந்த பெருஞ்செல்வத்தை அறிந்திலர். வெந்நீரால் களிமண்ணாக மாறிய பாறை மின்சாரத்தை எளிதிற் கடத்தும். எனவே, எலிகொப்டரிற் கருவிகளைக் கொண்டுசென்று, வானிலிருந்தே நிலத்தின் மின்தடையை அளந்தனர். 1981ஆம் ஆண்டில் துளைகருவி ஒரு சாண் அகலமுமில்லாத நரம்பொன்றைத் தொட்டது. அதன் செறிவோ தொன்னுக்கு ஏறத்தாழ 290 கிராம் பொன்! சாதாரணச் சுரங்கங்களில் தொன்னுக்குச் சில கிராம் கிடைத்தாலே போதுமென்பர்.

1985ஆம் ஆண்டில் அங்கே பொன்னகழ்வு தொடங்கியது. யப்பானின் புகழ்பெற்ற சாடோ சுரங்கம், 1601ஆம் ஆண்டு முதல் 1989ஆம் ஆண்டில் மூடப்படும்வரை தந்த பொன் ஏறத்தாழ 78 தொன். இசிக்காரி அத்தொகையை 1997ஆம் ஆண்டிலேயே கடந்துவிட்டது. 2020ஆம் ஆண்டளவில் அது 240 தொன்னுக்கும் மேல் தந்திருந்தது.

சுமார் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உண்டான அப்படிவினூடே, 65 பாகை வெப்பமுள்ள நீர் இன்றும் சுரக்கின்றது. அதனை இறைத்து வெளியேற்றியே சுரங்கத்தில் வேலை செய்கின்றனர். அந்நீரில் ஒரு பகுதி அயலூரின் வெந்நீர்க் குளிப்பிடங்களுக்குப் பயன்படுகின்றது. பொன்னைத் தேடியோர்க்கு வழி காட்டியது ஆசையன்று. கல்லும் நீரும் கூறிய வரலாற்றைப் பொறுமையுடன் படித்த அறிவேயாகும்.