எம்.பி.டி. விண்ணப்பமும் எல்லைக் கிராமத்துச் சான்றிதழும்

நீங்கள் பாறசாலைப் பக்கத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்தவரா? அங்கே பிசியோதெரபி பட்டம் முடித்த உங்கள் மகள், சொந்த ஊருக்கு அருகில் எம்.பி.டி. படிக்க ஆசைப்படுகிறாளா? அப்படியானால் சான்றிதழ்களை இப்பொழுதே தேடத் தொடங்குங்கள்.

எம்.பி.டி. இரண்டாண்டுப் படிப்பு. நரம்பியல், எலும்பு-தசை, விளையாட்டு எனப் பிரிவுகள் உண்டு. மதிப்பெண் பட்டியலும் இன்டர்ன்ஷிப் நிறைவுச் சான்றும் கல்லூரியிலேயே கிடைத்துவிடும். வெளிமாநிலப் பட்டமாதலால், 2010-இல் தொடங்கப்பட்ட கேரள சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றும் வேண்டும்.

சிக்கல் ஊர்ச் சான்றிதழில்தான் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் பேச்சு ஒன்று, உறவு ஒன்று. இடஒதுக்கீட்டுப் பட்டியல் மட்டும் இரண்டு! தமிழகத்தில் நாடார் சமுதாயத்தார், கிறிஸ்தவர் உட்பட, பிற்படுத்தப்பட்டோர். கேரளத்திலோ இந்து நாடாரும் எஸ்.ஐ.யூ.சி. நாடாருமே நெடுங்காலம் அப்பட்டியலில் இருந்தனர். ஏனைய கிறிஸ்தவ நாடார்களையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் அரசு ஆணை பிறந்தது. அவ்வாண்டே உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகவே இன்றைய நிலையை வில்லேஜ் ஆபீசில் கேட்டறியாமல் சாதிக் கட்டத்தை நிரப்பாதீர்கள். கேரளத்தில் நான்-கிரீமிலேயர் சான்றும் கேட்பார்கள். தமிழக மாநில ஒதுக்கீட்டில் அது கிடையாது.

தகப்பனின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு விதமும் மகளின் சான்றிதழில் வேறு விதமும் எழுதியிருந்தால், திருத்தத்திற்கு நாட்கள் செல்லும். விண்ணப்பத்தின் கடைசித் தேதியோ காத்திராது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அப்புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.