உஷார்! இசட் புள்ளி கைகாட்டிய பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள்

ஏ.எல் பெறுபேறு வந்த கையோடு யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரே கணக்குத்தான். இசட் புள்ளி எவ்வளவு, மாவட்ட நிலை எத்தனை, போன வருட வெட்டுப்புள்ளியோடு பார்த்தால் எது கிடைக்கும்? கோண்டாவில் மாமாவும் கனடாச் சித்தப்பாவும் தொலைபேசியில் சேர்ந்துகொள்வார்கள். பிள்ளைக்கு எதில் மனம் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் படிப்பை முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில், எவ்வளவு சம்பளத்தில் இருக்கிறார்கள் என்றும் விசாரிப்பதில்லை. இந்த இரண்டும் தெரியாமல் விண்ணப்பம் நிரப்பாதீர்கள். பிறகு வருந்திப் பயனில்லை.

விருப்ப ஒழுங்கு விளையாட்டு அல்ல

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். உங்கள் புள்ளிக்கு எட்டுகிற வரிகளில் எது மேலே நிற்கிறதோ அதுதான் தரப்படும்; அதற்குக் கீழே எழுதியவை கைவிட்டுப் போகும். "மருத்துவத்தைச் சும்மா முதலாவதாகப் போட்டு வை" என்பார்கள். புள்ளி எட்டிவிட்டால், சும்மா போட்ட அந்த வரி ஐந்து வருடப் படிப்பாகவும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியாகவும் பிள்ளையின் தலையில் இறங்கும். மறுபக்கம், எட்டாது என்று பயந்து விரும்பிய பாடநெறியைக் கீழே தள்ளுவதும் பெரும் பிழை. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்த வரி பார்க்கப்படும், நட்டம் ஒன்றுமில்லை. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், வருடத்துக்கு வருடம் மாறும். போன வருடத்து எண்ணை நம்பி ஒழுங்கைத் தலைகீழாக்காதீர்கள்.

இசை, நடனம், கட்டடக்கலை விரும்புகிறவர்களே!

இந்தப் படிப்புகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரால் யாழ். பல்கலைக்கழகம் நடத்தும் நுண்கலைப் படிப்புகளுக்குச் செயன்முறைப் பரீட்சை உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க உளச்சார்புப் பரீட்சை உண்டு. அவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவுத் திகதியைத் தவறவிட்டால் எத்தனை திறமை இருந்தும் அந்த வருடம் போய்விட்டது. ஆணைக்குழுவின் கைநூலைப் பிள்ளையே முதற் பக்கத்திலிருந்து வாசிக்கட்டும். டியூற்றரியில் கேள்விப்பட்டதை வைத்து நிரப்ப வேண்டாம். பதிவு செய்த பிறகு பாடநெறியை மாற்றலாமா, அடுத்த வருடப் பெறுபேற்றோடு திரும்ப விண்ணப்பிக்கலாமா என்ற விதிகளை வாசிக்காமல் எங்கும் கையொப்பம் போடாதீர்கள்.

"பட்டம் எடுத்தால் அரசாங்கம் வேலை தரும்"

இந்த நம்பிக்கை எங்களை ஏற்கெனவே தெருவில் நிறுத்தியிருக்கிறது. 2017இல் யாழ். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். 2020இல் நாடு முழுவதும் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தபோது கொடுத்த மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. விலைவாசி சம்பளத்தை விழுங்கியது. நியமனத்தையும் ஓய்வூதியத்தையும் மட்டும் எண்ணிப் பாடநெறி எடுக்கிற காலம் முடிந்துவிட்டது.

மனத்துக்குப் பிடித்தது மட்டும் போதுமா?

போதாது. இதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். தமிழோ வரலாறோ விலங்கியலோ விரும்பிப் படிக்கிற பிள்ளை, ஆங்கிலமும் கணினியும் கைவராமல் மூன்று நான்கு வருடங்களைக் கம்பஸில் கழித்துவிட்டு வந்தால், அந்த விருப்பமே வெறுப்பாக மாறும். விரும்பியதை எடுங்கள், கூடவே சம்பளம் தரக்கூடிய ஒரு திறனை முதலாம் வருடத்திலேயே தொடங்குங்கள்.

விருப்பமும் பிழைப்பும் ஒரே பட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'நந்தி' என்று ஈழத்து இலக்கியம் அறிந்தவர் யாழ். பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த செ. சிவஞானசுந்தரம். கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம் விஞ்ஞானம் படித்து, பட்டயக் கணக்காளராகி, உலகம் சுற்றி உழைத்தவர். எங்கள் கையில் இருப்பவை அவருடைய கதைகள். ஆனால் எழுத்துக்குப் பொருந்துவது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சங்கீதமும் நடனமும் தினமும் மணிக்கணக்கான சாதகம் கேட்பவை. உங்கள் விருப்பம் ஓய்வு நேரத்தில் வளருமா, முழுநேரம் கேட்குமா என்று முதலில் தீர்மானியுங்கள்.

ஓ.எல் முடித்த வீடுகளுக்கு அவசரச் செய்தி

பாதி முடிவு உங்கள் வீட்டில் இப்போதே நடக்கிறது. பதினாறு வயதில் எடுக்கும் துறைதான் பின்னால் எந்தக் கதவு திறக்கும், எது பூட்டும் என்று தீர்மானிக்கிறது. ஊர் மெச்சப் 'பயோ' எடுத்து, மூன்று தடவையும் பரீட்சை எழுதி, இருபத்தொரு வயதில் வெறுங்கையோடு நிற்கும் பிள்ளைகளை எல்லா ஊரிலும் காணலாம். 2013இல் தொடங்கிய தொழில்நுட்பத் துறையையும் பாருங்கள். ஏ.எல்லுக்குப் பிறகு உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. இவை தோற்றவர்கள் ஒதுங்கும் இடங்கள் அல்ல. கைத்தொழில் தெரிந்தவனுக்கு இங்கும் வெளிநாட்டிலும் வேலை இருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது

நீங்கள் எழுத நினைக்கும் ஒவ்வொரு பாடநெறியிலும் கடந்த மூன்று வருடங்களுக்குள் பட்டம் பெற்ற இருவரைத் தேடிப் பிடியுங்கள். வேலை கிடைக்க எவ்வளவு காலம் எடுத்தது, முதற் சம்பளம் என்ன, திரும்பவும் இதையே எடுப்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். தனியார் அல்லது வெளிநாட்டுப் பட்டத்துக்குக் காணியை ஈடு வைக்கும் முன், அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று ஆணைக்குழுவிடமும், மருத்துவமானால் இலங்கை மருத்துவ சபையிடமும் விசாரியுங்கள். முகவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

அப்பாமாரே, அம்மாமாரே, ஆலோசனை சொல்லுங்கள். வீட்டு வருமானத்தையும் கடனையும் ஒளிக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் பிள்ளையும் பொறுப்போடு தீர்மானிக்கும். ஆனால் விருப்ப ஒழுங்கைப் பிள்ளையின் கையால் எழுத விடுங்கள். எந்த வரி கிடைத்தாலும் அதைப் படித்து, அதில் உழைத்து வாழப்போவது அந்தப் பிள்ளைதான்.