கடையில் சலுகை கேட்கும்போது...

சகோதரிகளே, திடீரென்று விருந்தாளி வந்தால் வவுனியா டவுனில் நாலு புரியாணிப் பார்சல் கட்டுவிக்கிறோம். அந்த நாலுக்கெல்லாம் குறைத்துக் கேட்காதீர்கள். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய்க்குப் போனது. நம் வீட்டு அடுப்பே தடுமாறியது. நாள் முழுக்க அடுப்பெரிக்கும் கடைக்காரர் என்ன பாடு பட்டிருப்பார்!

வலீமாவுக்குப் பத்து சஹன் என்றால் விஷயம் வேறு. தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஜும்ஆ முடிந்து ஆட்கள் நெருக்கும் நேரத்தில் வேண்டாம்; கடை ஓய்ந்திருக்கும் பின்னேரம் போங்கள். "நானா, இன்ன நாளைக்கு, இத்தனை பேருக்கு. பாத்திரம் நாங்கள் தருகிறோம், பாதிப் பணம் இப்போதே. எவ்வளவுக்குச் செய்து தருவீங்க?" என்று கேளுங்கள். பெட்டிச் செலவு மிச்சம், மீந்துபோகும் பயமும் இல்லை. அவர் குறைப்பதற்கு இடமிருப்பது அதில்தான். "அடுத்த கடையில் மலிவு" என்ற பேச்சை எடுக்காதீர்கள். (மலிவென்றால் அங்கேயே போயிருப்போமே!)

முடியாதென்றால் முகம் சுளிக்காமல் விட்டுவிடுங்கள். வாங்கும்போதும் இலகு காட்டுபவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டி நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. சம்மதித்துவிட்டாரா? எடுக்கப்போகும் நாளில் "இன்னும் ரெண்டு துண்டு போடுங்க" என்று நிற்காதீர்கள். மீதிப் பணத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள். கோழிக்காரருக்கு அவர் கொடுக்க வேண்டியிருக்கும்.